எண்பது வயசுக்கு மேல தலையில ஆபரேஷனா?

"இந்த வயசுல தலையில ஆபரேஷன் எதுக்கு? இருக்கிறவரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்." பெரியப்பாவுக்கு ஸ்கேன் எடுத்த அன்று உறவுக்காரர்கள் இப்படித்தான் சொன்னார்கள். பாசத்தில்தான். ஆனால் என்ன ஆபரேஷன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவருக்கு வந்தது க்ரானிக் சப்டியூரல் ஹெமடோமா. மூளைக்கும் அதை மூடியிருக்கும் உறைக்கும் நடுவில் மெதுவாகச் சேரும் ரத்தம். வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்கும். உறையோடு அதை இணைக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். நிலைப்படியில் தலை இடித்தாலே அதில் ஒன்று கசியலாம். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து நடை தள்ளாடும், பேச்சு குழறும், ஆள் அடையாளம் குழம்பும், பகலெல்லாம் தூக்கம் வரும். அடிபட்டதே அதற்குள் எல்லோருக்கும் மறந்திருக்கும். வயசாச்சு, மறதி வந்துடுச்சு என்று விட்டுவிடுகிறோம். இத்தனைக்கும் சிடி ஸ்கேன் எடுத்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சிகிச்சையும் பலர் பயப்படுகிற மாதிரி இல்லை. பெரும்பாலும் மண்டையோட்டில் ஒன்றிரண்டு துளை போட்டு ரத்தத்தை வடிக்கிறார்கள். மூளையில் கத்தி படுவதில்லை. முழு மயக்கம் தாங்காதவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்தும் செய்யலாம். அப்புறம் ஓரிரு நாள் மெல்லிய குழாய் ஒன்றை வைத்திருப்பார்கள். கேம்பிரிட்ஜில் நடந்து 2009-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், குழாய் வைக்காதவர்களில் 24 சதவீதம் பேருக்கு ரத்தம் மறுபடி சேர்ந்தது. வைத்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். பெரியப்பா மறுநாள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

எல்லா ஆபரேஷனும் இப்படி இல்லைதான். முதுகுத்தண்டில் பல இடத்தில் ஸ்க்ரூ போடுவதோ, ஆழத்தில் இருக்கும் மூளைக் கட்டியை எடுப்பதோ வேறு கணக்கு. இதயம், நுரையீரல், சர்க்கரை, அதுவரை தானாக நடந்து சாப்பிட்டவரா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். வேண்டாம் என்பதே அங்கே நல்ல முடிவாக இருக்கலாம். ஆனால் பிறந்த வருஷத்தை மட்டும் பார்த்து அந்த முடிவுக்கு வராதீர்கள். புரிந்துகொள்கிற நிலையில் இருந்தால் அந்தப் பெரியவரிடமே கேளுங்கள், தயவுசெய்து.

வீட்டில் பெரியவர் யாராவது சில வாரங்களில் ஆளே மாறிவிட்டால், இரண்டு மூன்று மாதத்துக்குள் எங்காவது விழுந்தாரா, இடித்துக்கொண்டாரா என்று விசாரியுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள்.