காஜா எடுக்க ஆள் தேவை

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊர். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தையல்கடை. வாசலில் தொங்கும் அட்டையில் 'காஜா எடுக்க ஆள் தேவை' என்று, அதாவது பொத்தான் ஓட்டை தைக்க ஆள் வேண்டும் என்று, எழுதியிருந்தது வெயிலில் வெளுத்து, இப்போது 'தேவை' மட்டும்தான் படிக்க முடிகிறது. என்ன தேவை என்று யாரும் கேட்பதும் இல்லை. புதன்கிழமை காலை பத்து மணி. பி.ஏ. முடித்துவிட்டு குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் தம்பி, போனைக் கையில் பிடித்தபடி படியேறுகிறான்.

தம்பி: அண்ணாச்சி, பேன்ட்?

அண்ணாச்சி: வா தம்பி, உட்காரு.

தம்பி: உட்கார வரவில்லை. துணி கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. சனிக்கிழமை வேலைவாய்ப்பு முகாம்.

அண்ணாச்சி: முடிந்த மாதிரிதான்.

தம்பி: முடிந்ததா, முடிந்த மாதிரியா?

அண்ணாச்சி: போனில் என்ன சத்தம்?

தம்பி: சட்டசபை. கேள்வி நேரம். 2022 ஜனவரியிலிருந்து நேரலையில் காட்டுகிறார்கள். இன்று நம் எம்.எல்.ஏ. கேள்வி வருகிறது, நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் பற்றி.

அண்ணாச்சி: (கத்தரியைக் கீழே வைக்கிறார்) எம்.எல்.ஏ.வா? அந்தச் சட்டையா போட்டிருக்கிறார்? திருப்பு, திருப்பு.

தம்பி: எந்தச் சட்டை?

அண்ணாச்சி: போன வாரம் இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தேன். கூட்டத்தொடருக்குப் போகிறார், அவசரம் என்றார்கள். காஜா எடுக்க ஆள் இல்லாமல் ராத்திரி பதினொரு மணி வரை நானே கண்ணைக் கெடுத்துக்கொண்டு எடுத்தேன்.

தம்பி: அப்போது என் பேன்ட்?

அண்ணாச்சி: அதை ஒதுக்கி வைத்துவிட்டு மக்கள் பணி பார்த்தேன்.

தம்பி: நானும் மக்கள்தான் அண்ணாச்சி.

அண்ணாச்சி: நீ ஒரு ஆள். அவர் போட்டால் ஒரு தொகுதியே போட்ட மாதிரி. இந்தத் தொகுதிக்கு அவர் ஒருத்தர்தானே? மொத்தம் எத்தனை பேர் அங்கே?

தம்பி: 234. முன்பு 235. ஆங்கிலோ இந்தியர் நியமன இடம் ஒன்று இருந்தது, எடுத்துவிட்டார்கள்.

அண்ணாச்சி: அங்கேயும் ஒரு போஸ்டைக் குறைத்துவிட்டார்களா! சரி, எழுந்துவிட்டார் பார். தோள் என்ன அம்சமாக உட்கார்ந்திருக்கிறது! என்ன சொல்கிறார்?

தம்பி: இன்னும் கேள்விக்கு வரவில்லை. கட்சித் தலைவரைப் பாராட்டிக்கொண்டிருக்கிறார்.

அண்ணாச்சி: அதற்கென்று தனி நேரம் கிடையாதா?

தம்பி: கிடையாது. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலினே எழுந்து, கேள்வி நேரத்தில் என்னைப் புகழ வேண்டாம், மீறினால் நடவடிக்கை என்று தம் கட்சி உறுப்பினர்களைக் கண்டித்தார்.

அண்ணாச்சி: நின்றதா?

தம்பி: கண்டித்த பெருந்தன்மையைப் பாராட்ட ஒருத்தராவது கை தூக்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அண்ணாச்சி: கையைத் தூக்கவே கூடாது தம்பி. அக்குளில் தையல் ஒற்றையாகத்தான் ஓட்டியிருக்கிறேன்.

தம்பி: சபாநாயகர் 'கேள்விக்கு வாங்க' என்கிறார். இதோ கேட்டுவிட்டார். '30 படுக்கை கொண்ட சுகாதார நிலையமாகத் தரம் உயர்த்த அரசு ஆவன செய்யுமா?'

அண்ணாச்சி: ஆவன என்றால்?

தம்பி: ஆக வேண்டியவை.

அண்ணாச்சி: நல்ல சொல். எது, என்றைக்கு என்று எதுவுமே சொல்ல வேண்டாம் போலிருக்கிறதே. அமைச்சர் என்ன சொல்கிறார்?

தம்பி: 'தற்போது அத்தகைய கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை.'

அண்ணாச்சி: 'இல்லை' என்று ஒரே சொல்லில் முடிக்கக் கூடாதா?

தம்பி: 'இல்லை' என்றால் கோபம் வரும். 'பரிசீலனையில் இல்லை' என்றால், பரிசீலனை என்று எங்கேயோ ஓர் ஊர் இருக்கிறது, நம் காகிதம் இன்னும் அங்கே போய் இறங்கவில்லை, அவ்வளவுதான் என்று மனம் ஆறும்.

அண்ணாச்சி: இறங்காது. ஒன்பதே கால் டவுன் பஸ்ஸில் ஏற்றி விட்டிருப்பார்கள்.

(எதிரே நிழற்குடையில் ஓர் ஆடு காலை நீட்டிப் படுத்திருக்கிறது. அதன் தலைக்கு மேலே, தொகுதி மேம்பாட்டு நிதி என்ற எழுத்தும் எம்.எல்.ஏ. பெயரும் ஆட்டைவிடப் பெரிதாக இருக்கின்றன. ஒன்பதே கால் பஸ் இன்னும் வரவில்லை.)

அண்ணாச்சி: எனக்கு ஒரு சந்தேகம். வருஷத்துக்கு மூன்று கோடி ரூபாய் அவருக்கு நிதி இருக்கிறது என்கிறார்களே. ஒரு டாக்டரைப் போட்டால் என்ன?

தம்பி: அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், சுற்றுச்சுவர் எழுப்பலாம், நிழற்குடை வைக்கலாம். சம்பளம் கொடுக்க முடியாது. டாக்டரை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்தான் எடுக்கும்.

அண்ணாச்சி: ஆக, டாக்டர் உட்காரும் அறையை இவர் கட்டலாம். டாக்டரை வேறொருத்தர் அனுப்ப வேண்டும்.

தம்பி: மாத்திரையை இன்னொருத்தர். அதற்குத் தனியாக ஒரு கழகம் இருக்கிறது.

அண்ணாச்சி: காய்ச்சலாவது நம்முடையதா?

தம்பி: பொறுங்கள், துணைக் கேள்வி கேட்கிறார். 'அங்குள்ள மருத்துவர் வாரத்தில் மூன்று நாள் பக்கத்து ஊருக்குக் கூடுதல் பொறுப்பாகச் செல்கிறார். காலிப் பணியிடம் எப்போது நிரப்பப்படும்?'

அண்ணாச்சி: அடடே, சரியாகக் கேட்கிறாரே! போன மாதம் என் வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்காலியில் துண்டு கிடந்தது, டாக்டர் இல்லை. இந்த ஊருக்குத் துண்டு, அந்த ஊருக்கு ஆள். பதில் என்ன?

தம்பி: 'காலிப் பணியிடங்கள் படிப்படியாக நிரப்பப்படும்.'

அண்ணாச்சி: எத்தனை படி?

தம்பி: அதைச் சொல்லவில்லை.

அண்ணாச்சி: நீயும் இப்படித்தான் படி படி என்று இருக்கிறாய். உன் விஷயம் என்ன ஆச்சு?

தம்பி: 2022-ல் குரூப் 4 எழுதினேன். ஜூலையில் தேர்வு, அடுத்த மார்ச்சில்தான் முடிவு வந்தது. கிடைக்கவில்லை. 2024-ல் மறுபடி எழுதினேன். முதலில் 6,244 இடம் என்று அறிவித்தார்கள், 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பம்.

அண்ணாச்சி: 20 லட்சம் பேருமா ஒரே நாளில் எழுதினீர்கள்?

தம்பி: ஒரே நாள் காலையில். சில லட்சம் பேர் வரவில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அண்ணாச்சி: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தாயே?

தம்பி: மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் தவறாமல் புதுப்பிக்கிறேன். பதிந்து ஐந்து வருஷம் ஆகியும் வேலை கிடைக்காவிட்டால் உதவித்தொகை உண்டு. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய்.

அண்ணாச்சி: பத்தாவது பெயிலானவனுக்கு?

தம்பி: 200.

அண்ணாச்சி: அப்போது நீ படித்த படிப்புக்கு மாதம் 400 ரூபாய் கூடுதல் மதிப்பு. உன் அப்பாவிடம் சொல்லு, கல்லூரி ஃபீஸ் வீண் போகவில்லை. ஒரு மாதத் தொகையைத் தூக்கிக் கொடுத்தால் என் தையல் கூலி போக டீக்கும் மிஞ்சும்.

தம்பி: கூலி இருக்கட்டும், பேன்ட் எங்கே? இதைக் கவன ஈர்ப்புத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சி: மாண்புமிகு தம்பி அவர்களே, உங்கள் பேன்ட் இந்தக் கடையின் பரிசீலனையில் இருக்கிறது.

தம்பி: இதற்குள் பழகிவிட்டீர்களா? அப்படியானால் நான் வெட்டுத் தீர்மானம் கொண்டுவருவேன்.

அண்ணாச்சி: வெட்டு முடிந்துவிட்டது தம்பி. உன் துணியை வெட்டி ரெண்டு வாரம் ஆச்சு. கொஞ்சம்தான் பாக்கி.

தம்பி: அந்த வெட்டு இல்லை. ஒரு துறைக்குப் பணம் ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கையில், உங்கள் வேலை சரியில்லை என்று காட்ட அடையாளமாக 100 ரூபாயைக் குறைக்கச் சொல்வது. உங்கள் கூலியில் 100 ரூபாய் வெட்டு.

அண்ணாச்சி: அங்கே அந்தத் தீர்மானம் ஜெயிக்குமா?

தம்பி: ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கும் வரை ஜெயிக்காது.

அண்ணாச்சி: இந்தக் கடையில் எனக்குத்தான் பெரும்பான்மை. தீர்மானம் தோற்றது. அடுத்த கேள்வி.

தம்பி: இதோ, அவரும் அடுத்ததற்குப் போய்விட்டார். 'எங்கள் தொகுதி இளைஞர்கள் வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். சிட்கோ தொழிற்பேட்டை அமைக்க அரசு முன்வருமா?'

அண்ணாச்சி: திருப்பூர் என்றா சொன்னார்? என் காஜாப் பையனைத்தான் சொல்கிறார்! எட்டு மாதம் முன்னால் போனவன், பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான். அங்கே பையனுக்குப் பதில் மெஷின் காஜா எடுக்கிறதாம். அப்புறம் எதற்கு என் பையன்?

தம்பி: மெஷினைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

அண்ணாச்சி: என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. சரி, தொழிற்பேட்டை வருமாமா?

தம்பி: 'உரிய நிலம் கண்டறியப்பட்டு, தொழில்முனைவோரின் தேவை இருப்பின், நிதிநிலைக்கேற்ப ஆராயப்படும்.'

அண்ணாச்சி: நிலம், தேவை, நிதி, ஆராய்ச்சி. நாலு பொத்தான் போட்டுவிட்டார். காஜா ஒன்றுகூட எடுக்கவில்லை.

தம்பி: 2022-லேயே 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் போனது, தொகுதியில் வெகுநாளாகத் தீராத பத்துக் கோரிக்கைகளை எழுதிக் கலெக்டரிடம் கொடுங்கள் என்று. நம் ஆளும் கொடுத்திருப்பார்.

அண்ணாச்சி: பத்துதானா? இந்தத் தெருவுக்கே பத்து இருக்கும். எனக்கு ஒன்றே ஒன்றுதான். அட்டையில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

தம்பி: அட்டையில் 'தேவை' மட்டும்தான் தெரிகிறது.

அண்ணாச்சி: அடப் பாவி, அதனால்தான் ஒருத்தனும் வரவில்லையா! போன வாரம் ஒரு அம்மாள் உள்ளே வந்து, ரத்தமா தேவை, என்ன குரூப் என்று கேட்டாள்.

தம்பி: குரூப் 4 என்று சொல்லியிருக்கலாம்.

அண்ணாச்சி: ஐயோ, அங்கே பார், கையைத் தூக்குகிறார்! (போனைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துக்கொள்கிறார்.) இறக்கு ராசா, இறக்கு... இறக்கிவிட்டார். தையல் பிடித்துக்கொண்டது. உட்காரும்போது நன்றி வேறு சொன்னார், பார்த்தாயா?

தம்பி: சபாநாயகருக்குச் சொன்னார்.

அண்ணாச்சி: இருக்கட்டும். சரி, விதி 110 என்று அந்தக் காலத்தில் அடிக்கடி சொல்வார்களே, அது என்ன?

தம்பி: அந்த விதியில் அறிவிப்பு வெளியிட்டால் யாரும் விவாதிக்க முடியாது.

அண்ணாச்சி: அருமை. விதி 110-ன் கீழ் அறிவிக்கிறேன். பேன்ட் சனிக்கிழமை.

தம்பி: சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முகாம்!

அண்ணாச்சி: விவாதம் கிடையாது. முகாமைத் தொடங்கி வைப்பவர் யார் தெரியுமா? நம் எம்.எல்.ஏ. இரண்டாவது சட்டையில். அதன் கை நீளத்தைக் குறைக்க நாளைக்கு வருகிறது. முதலில் அது, அப்புறம் நீ.

(தம்பி சுவரில் மாட்டியிருந்த பைகளைத் துழாவுகிறான். மூன்றாவது பையில் அவன் பேன்ட். கால்கள் தைத்து, ஜிப் வைத்து, இடுப்புப் பட்டியும் ஏறிவிட்டது. பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில் சாக்குக் கட்டியால் போட்ட சின்னக் கோடு.)

தம்பி: இவ்வளவு முடிந்திருக்கிறதே! இன்னும் என்ன பாக்கி?

அண்ணாச்சி: பொத்தானும் காஜாவும்தான். அதைத்தானே சொல்கிறேன், பணியிடம் காலி.

தம்பி: ஊசியைக் கொடுங்கள்.

அண்ணாச்சி: உனக்குத் தெரியுமா?

தம்பி: அரசியலமைப்பில் 395 உறுப்பு மனப்பாடம் செய்தவன். ஓர் ஓட்டையைச் சுற்றித் தைக்க வராதா?

(அண்ணாச்சி கோட்டின் மேல் சின்னக் கத்தரியால் கீறிக் கொடுக்கிறார். தம்பி நூலை நாக்கில் நனைத்து மூன்றாவது முயற்சியில் கோர்க்கிறான். பத்து நிமிடம் பேச்சே இல்லை.)

அண்ணாச்சி: ம். முதல் காஜாவுக்கு மோசம் இல்லை. கொஞ்சம் எம்.எல்.ஏ. பேச்சு மாதிரி சுற்றி வளைத்திருக்கிறாய், ஆனால் வந்து சேர்ந்துவிட்டாய். தம்பி, அந்த நீலச் சட்டையில் ஏழு காஜா இருக்கிறது.

தம்பி: இது என்ன வேலை? நிரந்தரமா?

அண்ணாச்சி: தொகுப்பூதியம்.

தம்பி: எவ்வளவு?

அண்ணாச்சி: ஒரு டீ, இரண்டு வடை. வடை நிதிநிலைக்கேற்ப.

தம்பி: (நீலச் சட்டையை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்கிறான்) பணி நிரந்தரம் கேட்டு வாசலில் உட்காருவேன்.

அண்ணாச்சி: உட்காரு, உட்காரு. போகிற போக்கில் அந்த அட்டையையும் கழற்றி உள்ளே வை.

தம்பி: ஆளைப் போட்டாயிற்றா?

அண்ணாச்சி: இல்லை, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. 'எம்.எல்.ஏ. சட்டை தைத்த கடை' என்று எழுத வேண்டும்.