பழைய கிராணி வீட்டின் மூச்சை அடைக்காதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) குடியிருந்த பழைய வீட்டைப் புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிளாஸ்டர் சிலிங், பளபள டைல்ஸ், வெள்ளை எமல்ஷன் என்று தொடங்காதீர்கள். உள்ளே நுழைந்ததும் மனம் அடங்குவதற்குக் காரணமே உயரமான கூரையும், சன்னலுக்கு மேலுள்ள காற்றுத் துளைகளும், சுண்ணாம்புச் சுவரும்தான். அந்த மூன்றையும்தான் முதல் வேலையாக அடைத்துவிடுகிறோம்.

சுவர்தான் முக்கியம். பழைய செங்கல் சுவரின் அடியில் பெரும்பாலும் ஈரத்தடுப்பு இருக்காது. தரை ஈரம் செங்கல் வழியே ஏறி, சுண்ணாம்புப் பூச்சு வழியே ஆவியாகிவிடும். சிமெண்ட் பூசினால் அது போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். உப்புப் பூத்து பெயிண்ட் உரியும். எத்தனை முறை அடித்தாலும் இதே கதைதான். கட்டையால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று ஒலிக்கும் இடத்தை மட்டும் கொத்தி எடுத்து, சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்று மணல் மூன்று பங்கு கலந்து, ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பூசுங்கள். சில நாள் தண்ணீர் தெளித்து மெல்லக் காயவிட வேண்டும். வேகமாகக் காய்ந்தால் வெடிப்பு நிச்சயம்.

வெள்ளையடிக்கும்முன் பழைய எமல்ஷனைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அதன்மேல் சுண்ணாம்பு பிடிக்காது. சுவரை நனைத்து, பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பை நான்கு பூச்சு, நடுநடுவே ஒரு நாள் இடைவெளி. ஈரத்தில் சுவர் மங்கலாகத்தான் தெரியும், காய்ந்தபின்தான் வெளுக்கும். பொறுமையில்லாமல் கெட்டியாக அடித்தால் பொரிந்து கொட்டும். கண்ணாடியும் கையுறையும் போடாமல் தொடக்கூடாது, சுண்ணாம்பு கண்ணைக் கெடுத்துவிடும். சாமி மேடைப் பக்கம் விளக்குப் புகை ஏறினால் பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பூச்சு போதும்.

பழைய சிலிங் பலகையில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோதிக்காமல் உடைக்கவோ துளைபோடவோ வேண்டாம். பழைய எண்ணெய்ப் பெயிண்டிலும் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளால் உலரத் தேய்க்காதீர்கள்.

தகரக் கூரை வெயிலுக்குச் சிலிங்கைத் தாழ்த்துவது மருந்தல்ல. தகரத்துக்குக் கீழே 25 மில்லிமீட்டர் காற்றிடைவெளி விட்டு அலுமினியத் தாள், அதன் அடியில் 50 மில்லிமீட்டர் ராக்வுல் (பாறைநார்ப் பஞ்சு). வெப்பமும் குறையும், சாயங்கால மழைச் சத்தமும் அடங்கும்.

சிவப்புச் சிமெண்ட் தரை நல்ல நிலையில் இருந்தால் அப்படியே விடுங்கள். வினைல் விரித்தால் அடியில் ஈரம் தேங்கிப் பூஞ்சணம் பிடிக்கும்.

வெளிச்சத்துக்கு 6500 கெல்வின் டேலைட் பல்பு வேண்டாம். 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்ச பல்பு போடுங்கள், சுண்ணாம்புச் சுவரும் பழைய மரக்கதவும் அதில்தான் அழகு. அலமாரியைச் சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், பின்னாலும் காற்று ஓட வேண்டும்.