பிரேசில் போருக்கே போகவில்லையா?

"இரண்டாம் உலகப்போரில் பிரேசில் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை, கடைசி நேரத்தில் பேருக்குப் போர் அறிவித்ததோடு சரி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

அப்படிக் கடைசியில் அறிவித்தது பக்கத்து நாடான அர்ஜென்டினா, 1945 மார்ச்சில். பிரேசில் 1942 ஆகஸ்ட் 22 அன்றே போரில் இறங்கிவிட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் யு-507 என்ற ஒரே ஜெர்மன் நீர்மூழ்கி, பிரேசில் கரையோரம் அடுத்தடுத்துக் கப்பல்களை மூழ்கடித்து 600-க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. மக்கள் கொதித்துப்போய்த் தெருவுக்கு வந்தார்கள்.

1944 ஜூலையில் முதல் படைப்பிரிவு இத்தாலியின் நேப்பிள்ஸில் இறங்கியது. மொத்தம் ஏறக்குறைய 25,000 பேர் போனார்கள். "பாம்பு புகை பிடித்தாலும் பிடிக்கும், பிரேசில் சண்டைக்குப் போகாது" என்று சொன்னவர்களுக்குப் பதிலாக, வாயில் புகைக்குழாய் வைத்த பாம்பையே தோள்பட்டைச் சின்னமாகத் தைத்துக்கொண்டார்கள்.

மோன்டே காஸ்டெல்லோ மலையில் குளிரிலும் சேற்றிலும் பலமுறை ஏறித் தோற்று, 1945 பிப்ரவரி 21 அன்று அதைப் பிடித்தார்கள். ஏப்ரல் இறுதியில் ஃபோர்னோவோ அருகே ஜெர்மனியின் 148-வது காலாட்படை டிவிஷன் முழுவதுமாக இவர்களிடம்தான் சரணடைந்தது.

உயிரிழந்த 450-க்கும் மேற்பட்ட பிரேசில் வீரர்களைப் பிஸ்டோயாவில் புதைத்தார்கள். 1960-ல் அவர்களது எச்சங்கள் ரியோ டி ஜெனிரோ நினைவிடத்துக்குக் கொண்டுவரப்பட்டன. 'ஒரு தோட்டாகூட' என்று எழுதுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். அந்தத் தகவல் வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள்.