பாதி லோடரை முழு விலைக்கு விற்காதீர்கள்

பழைய டிராக்டருக்கு செகண்ட் ஹேண்டில் முன்பக்க லோடர், அதாவது முன்னால் மாட்டி மண்ணும் எருவும் அள்ளித் தூக்குகிற பக்கெட் செட், தேடி அலைந்தவர்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். விற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் விற்பது லோடரே இல்லை. இரண்டு கை, ஒரு பக்கெட், அவற்றைத் தூக்கி இறக்குகிற நாலு ஹைட்ராலிக் ஜாக்கி, அவ்வளவுதான். அதைக் கழுவி, மஞ்சள் பெயின்ட் அடித்து, போட்டோ எடுத்துப் போட்டு, கூடவே ஒரு வரி: "எந்த வண்டிக்கும் மாட்டிக்கலாமுங்க."

எந்த வண்டிக்கும் மாட்ட முடியாது! இது தெரியாமல் சொன்னால்கூட மன்னித்துவிடலாம். தெரிந்தே சொல்கிறார்கள்.

என்னுடையது மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர். அப்பா வாங்கியது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் செல்ஃப் தட்டினால் உடனே எடுக்கும். 1960இல் சென்னையில் மாஸி டிராக்டர் செய்கிற டாஃபே கம்பெனி ஆரம்பித்த காலத்திலிருந்து மாஸி நம் ஊர்களில் ஓடிக்கொண்டிருப்பதால் ஸ்பேருக்கும் கவலை இல்லை. தொழுவத்து எருவை டிரெய்லரில் ஏற்றவும், மேட்டு மண்ணை அள்ளிப் பள்ளத்தில் போடவும் ஒரு லோடர் இருந்தால் போதும். அதற்கு ஜேசிபியைக் கூப்பிட்டால் மணிக்கு ஆயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள், அதுவும் அவர்களுக்கு ஒழிந்தால்தான் வருவார்கள். எரு அள்ள ஆள் கிடைக்காத கதையை நான் சொல்லத் தேவையில்லை.

சரி, எந்த வண்டிக்கும் ஏன் மாட்ட முடியாது என்றால், காரணம் பிரேம். லாரிக்கு இருப்பது மாதிரி இந்த டிராக்டருக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டுப் பிணைத்த வார்ப்பிரும்பு. முன்னால் முந்நூறு கிலோ ஈர மண்ணைத் தூக்கிக்கொண்டு குண்டும் குழியுமான இடத்தில் போனால், குலுங்குகிற குலுங்கல் எல்லாம் அந்த போல்ட்டுகளுக்குத்தான் போகும். அதைத் தாங்கத்தான் முன்னாலிருந்து பின் ஆக்சில் வரைக்கும் இரண்டு பக்கமும் சப் பிரேம் என்கிற இரும்புச் சட்டம் ஓட வேண்டும். வண்டிக்கு வண்டி அதன் அளவு வேறு, போல்ட் ஓட்டை வேறு. 1035க்கு அடித்த பிரேம் ஃபோர்டு 3600 டிராக்டரில் உட்காராது. லோடரின் உயிரே அந்த பிரேம்தான்.

அந்த பிரேம் எங்கே என்று கேட்டால் ஒருத்தர் கூச்சமே இல்லாமல் சொல்கிறார்: "அது சும்மா கிடந்துச்சுங்க, எடைக்குப் போட்டாச்சு." எடைக்குப் போட்டாராம்! பக்கெட்டை வைத்துக்கொண்டு பிரேமைப் பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட்டு, என்னிடம் முழு லோடர் விலை கேட்கிறார். "பட்டறையில குடுத்தா ரெண்டு பிளேட்டு வச்சு அடிச்சுக் குடுத்துருவாங்க" என்று யோசனை வேறு. முன்பக்கம் மட்டும் பிளேட் வைத்து அடித்தால் கிளட்ச் ஹவுசிங்கில் விரிசல் விடும். அன்றைக்கு இந்த ஆள் வந்து நிற்பாரா?

அப்புறம், எண்ணெயைத் தள்ளி ஜாக்கியை நீட்டுகிற பம்ப். அதைப் பற்றி யாருமே வாய் திறப்பதில்லை. பழைய மாஸியின் ஹைட்ராலிக் பம்ப் பின் ஹவுசிங்குக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடப்பது. கலப்பையைத் தூக்க அது போதும். லோடருக்கு அது தள்ளுகிற எண்ணெய் காணாது. போதாக்குறைக்கு, சிங்கிள் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் பம்பும் நின்றுவிடும். டிரெய்லர் பக்கம் வந்து கிளட்சை மிதித்துக்கொண்டு பக்கெட்டைத் தூக்க முடியாது. ஆகவே தனி பம்ப், தனி எண்ணெய் டேங்க், கண்ட்ரோல் வால்வு, ஓஸ் எல்லாம் வேண்டும். இந்தச் செலவு மட்டுமே லோடர் விலையைத் தொட்டுவிடும். ஆனால் விளம்பரத்தில் இருப்பது "நல்ல கண்டிஷன்" என்ற இரண்டு வார்த்தை மட்டும்.

கண்டிஷனையும் சொல்கிறேன். ஒரு இடத்தில் இரண்டு கைகளையும் இணைக்கிற குறுக்குக் குழாய்ப் பக்கம் பெயின்ட் மட்டும் கொஞ்சம் தடிப்பாகத் தெரிந்தது. சாவியால் சுரண்டினேன். பெயின்டுக்குக் கீழே பட்டி, பட்டிக்குக் கீழே வெல்டிங், அதற்கும் கீழே இன்னொரு பழைய வெல்டிங், அதன் ஓரத்தில் மயிரிழை மாதிரி புது விரிசல். பக்கெட்டைக் கையோடு கோக்கிற இரும்பு முளை போகிற ஓட்டை வட்டமாகவே இல்லை, நீளமாகத் தேய்ந்துபோயிருந்தது. ஜாக்கி ராடில் நகத்தை வைத்து இழுத்தால் துருக்குழி தட்டுப்படுகிறது. அதில் எண்ணெய் கசியாமல் தடுக்கிற புது சீல் போட்டால் அந்தக் குழியே சீலைக் கிழித்துவிடும். கேட்டால், "பழசுன்னா அப்படித்தானுங்க." பழசு என்று தெரிகிறது இல்லையா, அப்புறம் எதற்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து மறைக்க வேண்டும்? பக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கினபோது அந்த வெல்டிங் விட்டால் கீழே நிற்கிறவன் கதி என்ன? என் வீட்டுப் பையன்தான் அங்கே நின்றுகொண்டிருப்பான்.

துருப்பிடித்த லோடரைத் துருவோடு விற்றால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். எந்த வண்டியிலிருந்து கழற்றியது, பிரேம் இருக்கிறதா, பம்ப் இருக்கிறதா, எங்கே வெல்டிங் வைத்தது என்று நாலு விஷயத்தைப் போனிலேயே சொல்லிவிட்டால் டீசல் போட்டுக்கொண்டு மாவட்டம் மாவட்டமாக யாரும் அலைய வேண்டியதில்லை.

1035க்கு அடித்த பிரேமும் பம்பும் சேர்த்து முழுசாக யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பேரம்கூடப் பேச மாட்டேன். ஆனால் வண்டியில் மாட்டியே காட்ட வேண்டும். பக்கெட்டில் மண்ணோடு மேலே தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டு, அது தானாகக் கீழே இறங்குகிறதா என்று பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பேன்.