ஊர்க்காரப் பையனுக்கு எதுக்கு ஃபீல்ட்வொர்க் காசுன்னு கேக்கறவங்களுக்கு

ரெண்டு நாளா எல்லா குரூப்லயும் இதான் ஓடுது, அதனால முழுக்கதையும் மறுபடி எழுதல. சுருக்கமா: நீலகிரில கோத்தகிரியைச் சேந்த ஆராய்ச்சி மாணவன் தம்பி ஒருத்தன், ஃபீல்ட்வொர்க்குக்கு, அதாவது ஆளுங்க இருக்கற இடத்துக்கே போய்ப் பாத்து, பேசி விவரம் சேக்கறதுக்கு, காசு கேட்டு மனு போட்டான். மனுவைப் பாத்த கமிட்டில ஒரு சார் கேட்டாராம்: "நீ கோத்தகிரிப் பையன்தானே, வீட்ல இருந்தே பண்ணிக்கலாமே, ஃபீல்ட்வொர்க்குக்குத் தனியா எதுக்குப்பா காசு?" கமிட்டில மீதிப் பேரும் சிரிச்சாங்களாம். தம்பியும் சிரிச்சிருக்கான், வேற என்ன பண்ணுவான்.

சார், ஊர்ல இருக்கறது வேற, ஃபீல்ட்வொர்க் வேற.

அவன் வீடு டவுன் பக்கம். வேலை மலையோட கீழ்ச்சரிவுல, குறும்பர் பழங்குடி ஊர்கள்ல. பஸ்ஸை விட்டா ஜீப்புக்காரர் சொல்றதுதான் ரேட், வழில ஆனை நின்னுச்சுன்னா அன்னைக்கு வேலையே இல்ல. மலைத்தேன் எடுக்கறதைப் பத்தி எழுதறவன் தேன் எடுக்கறப்ப அங்க இருக்கணும், அது ராத்திரி வேலையாக்கூட இருக்கும், வீட்ல அம்மா வெச்ச ரசத்தைச் சாப்பிட்டுக்கிட்டே பாக்க முடியாது. அப்புறம் அரை நாள் உக்காந்து நம்மகிட்ட பேசற அக்கா அன்னைக்கு தேயிலை பறிக்கப் போகல. கிலோ கணக்குக் கூலி அது. அதை யாரு தர்றது?

நான் பிஎச்டி பண்ணப்ப எனக்கு வரவேண்டிய பணம் மாசக்கணக்குல வராது. ஒரு பாட்டி வீட்ல ரேஷன் அரிசில எனக்கும் சேத்துப் பொங்கி வெப்பாங்க, வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க. ஆய்வேட்டுல நன்றின்னு ஒரு வரி போட்டேன். என் ஃபீல்ட்வொர்க்குக்கு நிதி குடுத்தது யாருன்னா அந்தப் பாட்டிதான்.

உடனே வருவீங்க, "ஜேஆர்எஃப்னு ஆராய்ச்சி உதவித்தொகை மாசம் 37,000 குடுக்கறாங்களே"ன்னு. அது நெட்ங்கற தேசியத் தகுதித் தேர்வுல ஜேஆர்எஃப் வாங்கினவங்களுக்குங்க. வாங்காதவங்களுக்கு மத்திய பல்கலைக்கழகத்துல மாசம் 8,000, மாநிலப் பல்கலைக்கழகங்கள்ல நிறைய பேருக்கு அதுவும் இல்ல. ஜேஆர்எஃப்லயே எங்களோட சமூக அறிவியல் பாடங்களுக்கு கன்டின்ஜென்சி, அதாவது ஆராய்ச்சிச் செலவுக்குத் தர்ற காசு, முதல் ரெண்டு வருஷம் 10,000. மாசத்துக்கு இல்ல, வருஷத்துக்கு. பழங்குடி மாணவர்களுக்குத் தனி ஃபெலோஷிப் இருக்கே? இருக்கு, நாடு முழுக்க சேத்து வருஷத்துக்கு 750 பேருக்கு. "எல்லாரும் கேட்டா அரசு எங்க போகும்"னு ஒருத்தர் கேட்டிருக்கார், அவருக்கு நான் பதில் சொல்றதா இல்ல.

இந்த மனப்பான்மை அந்த ஒரு கமிட்டியோட நிக்கறதும் இல்ல. 2022ல பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டுல போய்ப் படிக்க மத்திய அரசு தர்ற உதவித்தொகைல, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பத்தின ஆராய்ச்சிக்குப் பணம் இல்லன்னு விதியே போட்டாங்க. உள்ளூரைப் பத்திப் படிக்க உள்ளூரே போதுமாம். கேம்பிரிட்ஜ் மானிடவியல் ஆளு ரிவர்ஸ் 1901-02ல தோடர் பழங்குடிகளைப் பத்தி எழுத நம்ம மலைக்கு வந்தாரு, 1906ல புத்தகம் வந்துச்சு, இன்னைக்கும் வகுப்புல அதைப் பாடம் நடத்தறோம். தூரத்துல இருந்து வந்தா ஆராய்ச்சி, பக்கத்துல இருந்து போனா ஊர் சுத்தறது.

எனக்கு உண்மையிலேயே வலிக்கறது எதுன்னா, இதே தம்பி காலேஜ் படிக்கறப்ப வெளியில இருந்து வந்த ஆராய்ச்சிக்காரங்களுக்கு வழி காட்டி, ஊர்க்காரங்க பேசறதை அவங்களுக்குச் சொல்லி, ரெக்கார்டர் பேக்கையும் தூக்கிக்கிட்டுப் போயிருக்கான். அப்ப அவனுக்கு நாள் கூலி, அவங்க பட்ஜெட்ல அதுக்குத் தனியா இடம் இருந்துச்சு, கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்தாங்க. அதே பாதை, அதே பையன். இப்ப நோட்டும் பேனாவும் அவன் கையில, அதனால ஓசி.

"சார் நல்ல மனுஷன், விளையாட்டா கேட்டிருப்பார்"னு இன்பாக்ஸ்ல வர்றவங்களுக்கு: நல்ல மனுஷன்தான், எனக்கும் தெரியும், எனக்குப் பாடம் எடுத்தவர். அதனாலதான் பேர் போடல. ஆனா அவர் நல்லவர்ங்கறதுக்காக பஸ் கண்டக்டர் நம்ம தம்பியை டிக்கெட் இல்லாம ஏத்திக்கமாட்டார்.

தம்பி மறுபடி மனு போடறான். ஜீப் வாடகை, இலைக்கூலி எல்லாத்தையும் தனித்தனியா எழுதச் சொல்லியிருக்கேன். கோத்தகிரில ஜீப் ஓட்டற அண்ணன்மார் யாராவது இதைப் பாத்தா கீழ ஊர்களுக்கு இப்ப ரேட் என்னன்னு கமெண்ட்ல போடுங்க, கொட்டேஷன் வேணுமாம்.