காலிக்குப் போறவை ஒருக்கா மன்னார் அரிப்புக்கும் போங்கோ

லீவு விட்டா இப்ப எங்கட சனத்துக்குத் தென்பகுதிக் கடற்கரைதான். வவுனியாவிலயும் கிளிநொச்சியிலயும் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு வான் பிடிக்கும். பெந்தோட்டை, ஹிக்கடுவ, காலி, வெலிகம, மாத்தறை எண்டு கரையோட இறங்கிக்கொண்டே போய், நல்லாக் கறுத்துப்போய்த் திரும்பி வருங்கள். நான் இதைக் குறையாச் சொல்லேல்ல. போர் நேரம் ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டுறதுக்கே பாஸ் எடுக்கவேண்டியிருந்த காலத்தில வளந்த ஆக்கள் நாங்கள். பிள்ளையள் நினைச்ச உடன மாத்தறைக்குப் போய்க் கடல் குளிச்சிட்டு வருதுகள் எண்டா எனக்குச் சந்தோசம்தான்.

ஆனா போய் வந்து படம் போடேக்க ஒரு வசனம் திரும்பத் திரும்ப வருது: "எப்பிடி வச்சிருக்கிறாங்கள் பாருங்கோ, எங்கட ஆக்களுக்கு ஒண்டையும் பாதுகாக்கத் தெரியாது." அந்த வசனத்தோடதான் எனக்குக் கொழுவல்.

காலிக் கோட்டையை எடுங்கோ. போத்துக்கீசர் 1588 இல தொடங்கினது, 1640 இல ஒல்லாந்தர் பிடிச்சுப் பெருப்பிச்சது, 1796 இல ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1988 இல யுனெஸ்கோ உலக மரபுரிமையாச் சேர்த்தது. இதெல்லாம் வாசல் பலகையிலயே வாசிக்கலாம். அந்தச் சின்ன ஒழுங்கையளுக்குள்ள இருக்கிற வீடுகளை ஆர் காப்பாற்றினது எண்டுதான் ஒருத்தரும் கேக்கிறேல்ல. தடிச்ச முருகைக்கல் சுவர், தூண் வச்ச விறாந்தை, உள்ளுக்கு முற்றம். நான் போன நேரம் ஒரு வீட்டு விறாந்தையில இருந்த வயசான முஸ்லிம் அம்மா ஒராள் தமிழிலயே கூப்பிட்டா: "வெயிலுக்க நிக்காம உள்ளுக்கு வாங்கோ பிள்ளை." சுவரைத் தடவிக் காட்டினா. கைநிறையச் சுண்ணாம்பு உதிர்ந்தது. உப்புக் காத்து சுவரைத் தின்னுமாம். நோன்புக்கு முன்னம் ஒவ்வொரு வருசமும் பூசி அடிக்காட்டி நிக்காதாம். அவவின்ர மாமியாரும் அதைத்தான் செய்தவவாம். பக்கத்து வீட்டை வித்திட்டினம், அது இப்ப ஹோட்டல். கோட்டைக்குள்ள சில ஹோட்டல்ல ஒரு ராத்தங்கலுக்குக் கேக்கிற காசு எங்கட வாத்தியார் ஒராளின்ர மாதச் சம்பளம்.

அந்த வீடு நிக்கிறதுக்கு முதல் காரணம் அந்தக் குடும்பத்தை ஒருத்தரும் எழுப்பேல்ல எண்டது. யுனெஸ்கோ எல்லாம் பிறகு வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில கூட கோட்டை மதில் அலையைத் தடுத்ததால உள்ளுக்குப் பெரிய சேதமில்லை. வெளியில காலி பஸ் நிலையத்தடியில என்ன நடந்ததெண்டு எல்லாருக்கும் தெரியும். அதே காலமை முல்லைத்தீவு ரவுணில எந்த மதில் இருந்தது?

கொக்கலயில சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின்ர வீட்டுக்கும் போங்கோ, கட்டாயம். நூதனசாலையாத்தான் சனம் பார்க்குது, நான் பார்த்தது வேற. இரண்டாம் உலகப் போர் நேரம் கடல்விமானத் தளம் போட பிரித்தானிய விமானப்படை அந்த ஊரையே எடுத்தது. 1942 ஏப்ரலில யப்பான் கப்பல்படை வருதெண்டு கண்டு சொன்ன விமானம் கொக்கல வாவியில இருந்துதான் கிளம்பினது. ஊர்ச்சனம் அவசர அவசரமா எழும்பிப் போகவேண்டி வந்தது, வீடுகள் இல்லாமப் போச்சு, இந்த ஒரு வீடு தப்பினது. முற்றத்து மரத்துக்குக் கீழ நிண்டு அதை வாசிக்கேக்க எனக்கு முல்லைத்தீவுக் கேப்பாபுலவுதான் ஞாபகம் வந்தது. 2017 இல சனம் இராணுவ முகாம் வாசலில பாய் விரிச்சுப் படுத்துக் கிடந்து கேட்டது தங்கட வளவைத்தான். ஆக, சிங்களக் கிராமத்துக்கும் இது நடந்திருக்கு. தப்பின வீட்டைக் காட்டுற நேரம், போன வீடுகளின்ர கதையையும் ரண்டு வரி கூடச் சொல்லலாம் எண்டது என்ர அபிப்பிராயம்.

இனி எங்கட பக்கம். "பாதுகாக்கத் தெரியாது" எண்டு சொல்லுறவை கடைசிப் போர் நடந்த 2008 ஐ நினைச்சுப் பாக்கோணும். மன்னார்ப் பக்கத்தில இருந்து சனம் கிழக்க நகர நகர, வீட்டைக் கழட்டிக் கொண்டெல்லோ போனது. ஓடு, சீற்று, தீராந்தி, யன்னல், எல்லாத்தையும் ட்ரக்டர்ப் பெட்டியில ஏத்தி, மேல கோழிக்கூட்டையும் கட்டி. எங்கட அப்பா முதிரை முன்கதவை நிலையோட கழட்டினவர். அடம்பனில கழட்டினது அக்கராயனில ஒரு கொட்டிலுக்கு நிண்டது, பிறகு தருமபுரத்தில நிண்டது, விசுவமடுவில விட்டிட்டு வந்தம். பித்தளைப் பூட்டுத் திறப்பை மட்டும் அம்மா கனகாலம் சீலைத் தலைப்பில முடிஞ்சு வச்சிருந்தவ. வீட்டைப் பாதுகாக்கத் தெரியாத சனமோ இது?

இதைச் சொல்லேக்க மற்றதையும் சொல்லோணும். 1990 ஒக்டோபரில வடக்கில இருந்த முஸ்லிம் சனத்தைப் புலியள் வெளியேற்றினவை. முசலி, சிலாபத்துறை, மன்னார்த்தீவு, முல்லைத்தீவு எல்லாம். கூடினபட்சம் சில நாள் அவகாசம். இருவது வருசம் ஆளில்லாத வீட்டுக்குள்ள நாவல் மரமும் முள்ளும்தான் முளைக்கும். காலியில அந்த அம்மா சுண்ணாம்பைத் தடவேக்க எனக்கு நெஞ்சுக்குள்ள இருந்தது சிலாபத்துறை வீடுகள்தான். அந்தப் பக்கத்தைப் பேசாம மரபுரிமை பேசிறது சரியில்லை.

சிலாபத்துறைக்குக் கிட்டத்தான் அரிப்பு. பிரித்தானியரின்ர முதல் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பு நேரம் வந்து தங்கிறதுக்கு 1801 தொடக்கம் 1804 க்குள்ள அங்க ஒரு மாளிகை கட்டினவர். டொரிக் எண்டுவினம். ஊர்ச்சனம் அதை அல்லிராணி கோட்டை எண்டு தங்கட ராணிக்கு எழுதிக் குடுத்திட்டுது, நல்ல வேலை. இப்ப அது கடற்கரை மண்திட்டில ஒரு விளிம்பில நிக்குது. கடல் திட்டை அரிச்சு அரிச்சு ஒரு பக்கம் சரிஞ்சு போச்சு. செங்கல் தூண் அடியில துண்டு துண்டாக் கிடக்கு, சுவருக்கு மேல ஆடு நிக்குது. ஒல்லாந்தற்ற சின்னக் கோட்டை ஒண்டும் ஊருக்குள்ள இருக்கு. கண்டியில பத்தொன்பது வருசம் பிடிபட்டுக் கிடந்த றொபேர்ட் நொக்ஸ் 1679 இல தப்பி வந்து சேர்ந்தது அந்த அரிப்புக் கோட்டைக்குத்தான். காலியில இப்பிடி ஒரு கதை இருந்தா தேத்தண்ணிக் கடையே அந்தப் பேரில நடக்கும்.

டொரிக்கை ஏன் இப்பிடி விட்டது எண்டா, ஒருத்தரும் இருக்காத வீடு அது. கட்டினவர் போன பிறகு சொந்தம் கொண்டாட ஆளில்லை. சட்டத்தில 1815 மார்ச் 2 க்கு முந்தினதெல்லாம் தொல்பொருள், டொரிக் அதுக்குள்ள வடிவா அடங்கும். ஆனா கடலுக்குச் சட்டம் தெரியாது. எங்கட சனத்துக்கும் தொல்பொருள் பலகையைக் கண்டா வளவு போகப்போகுது எண்ட பயம்தான் வருது. அந்தப் பயம் சும்மா வந்ததுமில்லை. வன்னியின்ர பழைய வீடு மண்ணும் கிடுகும் எண்டதால அதுக்கு அந்தப் பட்டியலில இடமே இல்லை.

டொரிக்கைத் திருப்பிக் கட்டச் சொல்லி நான் கேக்கேல்ல. கடலுக்கு முன்னால காசைக் கொட்டேலாது, ஹோட்டலாக்கினா இன்னும் மோசம். விழ முந்தி அளந்து வையுங்கோ எண்டுதான் சொல்லுறன். யாழ் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில இருக்கு. வவுனியாவில ஒரு பல்கலைக்கழகம் இருக்கு. ஒரு ட்ரோனும் அளவு நாடாவும் கொஞ்சப் பிள்ளையளும் போதும். தூண் தூணா அளந்து, படமெடுத்து, பக்கத்து ஊர்களில 1990 க்கு முந்தின வீடுகளில என்ன மிச்சம், ஆற்ற வீடு எண்டதையும் சேர்த்து எழுதிப்போட்டு வரலாம். கடல் இன்னும் அரிக்க முதல் போறது நல்லது.