ஒத்துக்கிட்டவனுக்கு எதுக்கு அப்பீலாம்!

நம்ம ஏரியா வாட்ஸ்அப் குரூப்புல ரெண்டு நாளா ஒரு பையன் விஷயம்தான்: செல்போன் திருடுன கேஸ், கோர்ட்ல ஒத்துக்கிட்டான், தண்டனை குடுத்தாச்சு, இப்ப அப்பீல் போகப் பாக்குறான். "கோர்ட்லயே ஒத்துக்கிட்டான், அப்புறம் என்ன அப்பீலு"ன்னு ஒரு பெரிய மனுசர் கேக்குறாரு, அதுக்கு வரிசையா கைதட்டல் வேற.

அய்யா, ஒத்துக்கிட்டாலும் அப்பீல் இருக்கு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 375ஆம் பிரிவு, இப்ப அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல 416, எடுத்துப் படிங்க. குற்றவாளின்னு சொன்னதே தப்புன்னு போக முடியாது, சரி, ஆனா தண்டனை ஜாஸ்தி, சட்டப்படி இல்லன்னு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்லேர்ந்து மேல இருக்கற செஷன்ஸ் கோர்ட்டுக்கு 30 நாளுக்குள்ள போலாம். திருடுனதுக்குத் தண்டனை வேணாம்னு யாரும் கேக்கல. எவ்ளோ தண்டனைங்கறதுதான் கேள்வி.

இவ்ளோ கோவம் ஏன்னா எங்க சித்தப்பா பையன். 2017. வேலை பாத்த குடோன்ல காப்பர் வயர் துண்டு, ரெண்டாயிரம் ரூபா கூட தேறாது, அதையும் போலீஸ் மீட்டாச்சு. ஜாமீனுக்கு ஆள் கிடைக்காம 40 நாள் உள்ள இருந்தான். "ஒத்துக்கடா, இருந்த நாளைக் கழிச்சு விட்டுருவாங்க"ன்னு கோர்ட் வராண்டால வச்சு சொன்னது வேற யாரும் இல்ல, நான்தான். எனக்கு யாரோ ஒரு குமாஸ்தா சொன்னாரு. செஞ்சியான்னு மாஜிஸ்ட்ரேட் அய்யா கேட்டாரு, "ஆமாங்கய்யா"ன்னான், வீட்டுக்குப் போலாம்னு நெனச்சு என்னைத் திரும்பிப் பாத்து சிரிச்சான். ஆறு மாசம்.

அப்பீல் போனப்பதான் 1958லயே நன்னடத்தைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, முதல் தடவை திருட்டுன்னா கண்டிச்சு கூட விடலாம்னே தெரிஞ்சுது. பாண்டு எழுதி வாங்கிட்டு விட்டாங்க. அதைக் கீழ் கோர்ட்ல யாரும் வாயத் தொறந்து சொல்லல, நாங்களும் கேக்கல. உள்ள இருக்கறவனுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டுங்கறதும் அப்பறம்தான் தெரியும். இப்ப புது தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்ல, திருடுன பொருள் 5000 ரூபாய்க்குக் கீழ, முதல் தடவை, பொருளத் திருப்பிக் குடுத்துட்டான்னா சமூக சேவைதான் தண்டனை. இதையாவது குரூப் வக்கீலுங்க படிச்சீங்களா?

"திருடனுக்கு வக்காலத்தா"ன்னு வருவீங்க, தெரியும். ஆமா, வக்காலத்துதான், அதுக்குத்தான் வக்கீல் வைக்கக் கையெழுத்துப் போடுற அந்த வக்காலத்துப் பேப்பரே இருக்கு. "பொருள் பறிகொடுத்தவன் கஷ்டம்?" நியாயமான கேள்வி, என் வண்டியும் திருடு போயிருக்கு, ஒரு வாரம் தூங்கல. அதுக்காக அவன் அப்பீல் போகக்கூடாதுன்னு சொல்வேனா?

ஒத்துக்கிட்டான்னு எழுதிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னும் இல்ல. மகந்த் கௌசல்யா தாஸ்னு நம்ம மெட்ராஸ் கேஸு, அவர் சொன்ன வார்த்தைய அப்படியே பதிவு பண்ணலன்னு 1960கள்லயே சுப்ரீம் கோர்ட் தண்டனையத் தூக்கிப் போட்டுச்சு.

கோடிக்கணக்குல பேங்க்ல அடிச்சவன் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் அப்பீல் போறப்ப உங்க யாருக்கும் கோர்ட்டு நேரம் வீணாகுதுன்னு தோணல. ஒரு ஓட்டை செல்போனுக்குத்தான் தோணுது. என் தம்பிய இப்பவும் ஒரு சொந்தக்காரன் விசேஷத்துக்குக் கூப்புடறதில்ல, போன மாசம் பத்திரிகைல என் பேர் மட்டும் எழுதிக் குடுத்தாங்க, நானும் போகல.

குரூப்ப மியூட் பண்ணிட்டேன். அந்தப் பையனோட அம்மா சாயங்காலம் வர்றாங்க, தீர்ப்பு நகலுக்கு மனு எழுதணும். முப்பதுல பதினோரு நாள் போயிடுச்சு.